நாற்காலி கேட்ட சீட்டு

கிட்ட வாங்க. இன்னும் கொஞ்சம் கிட்ட. முதலில் உட்காருங்க, சம்மணம் போட்டோ காலை நீட்டியோ, உடம்புக்கு எது தோதோ அப்படி உட்காருங்க. உட்கார வழியில்லாதவர்களின் கதையை யாராவது நின்றுகொண்டு கேட்டால் எனக்குக் கோபம் வரும், ஏற்கெனவே இருக்கிற கோபமே எனக்குக் காணும்.

ஊசிக்குளத்தில் ஆவுடையப்பன் பள்ளிக்கூடம் என்று ஒன்று. போர்டில் வேறு என்னமோ நீளமாக எழுதியிருக்கும், அதைச் சொன்னால் ஆட்டோக்காரனுக்குத் தெரியாது, ஆவுடையப்பன் பள்ளிக்கூடம் என்றால்தான் வண்டி கிளம்பும். ஆவுடையப்பன்தான் தாளாளர், அதாவது முதலாளி. நான் அங்கே பத்தொன்பது வருஷம் மணி அடித்தவன். முப்பத்தெட்டு டீச்சர்கள், அதில் முப்பத்துநாலு பேர் பெண்கள், பிள்ளைகள் அவர்களை மிஸ் என்பார்கள், நாங்களும் மிஸ் என்போம். அந்த முப்பத்தெட்டுப் பேருக்கும் வகுப்பில் நாற்காலி கிடையாது.

முன்னே இருந்தது. ஒருநாள் தாளாளர் தன் அறையில் சுழல்நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேமரா டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நாலாம் வகுப்பு மிஸ் ஒருத்தி உட்கார்ந்து நோட்டுத் திருத்துவதைக் கண்டார். "டீச்சர் உக்காந்தா பாடம் படுத்துரும்" என்றார். அன்று சாயங்காலமே வகுப்பு நாற்காலிகள் எல்லாவற்றையும் மாடி அறையில் அடுக்கி, கயிறு போட்டுக் கட்டி, பூட்டி, சாவியை இழுப்பறையில் போட்டுக்கொண்டார். அடுக்கிக் கட்டியவன் நான்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். அதற்கப்புறம் காலை எட்டரைக்கு நிற்க ஆரம்பித்தால் நாலரை வரைக்கும் நிற்க வேண்டும், சுவரில் சாய்ந்தால் ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், பிள்ளைகள் முன்னாலேயே கூப்பிடுவார், மேசை விளிம்பில் இடுப்பை ஊன்றினால்கூடக் கூப்பிடுவார். சாயங்காலம் கேட்டைத் தாண்டிப் போகிற மிஸ்மார்களின் காலைப் பார்ப்பேன், செருப்பு வார் சதைக்குள் புதைந்திருக்கும்.

அப்போது பட்டணத்திலிருந்து கோட்டுப் போட்ட ஆலோசகர் ஒருவர் வந்து, நல்ல பள்ளிக்கூடம் என்று சான்றிதழ் வாங்க வேண்டுமானால் ஊழியர்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்றார். கேட்பதில் என்ன நஷ்டம்? பச்சைப் பெயிண்ட் அடித்த தகரப் பெட்டி ஒன்று வந்தது, அலுவலகச் சுவரில் பதித்த கடப்பைக்கல் தட்டின் மேல் உட்கார்ந்தது, அந்தப் பள்ளிக்கூடத்தில் அதற்காவது உட்கார இடம் கிடைத்தது. "உங்கள் கருத்தே எங்கள் பலம்" என்று மேலே எழுதி ஒட்டினார்கள். மாதத்தின் முதல் திங்கட்கிழமை ஒவ்வொருவரும் ஒரு சீட்டு எழுதிப் போட வேண்டும், போட்டார்களா என்று நான் பெயர்ப் பட்டியலில் டிக் அடிக்க வேண்டும்.

"பேரு எழுதாண்டாம், பயப்படாம எழுதுங்க" என்றார் தாளாளர். வாராவாரம் பாடக்குறிப்பு நோட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற மனுஷனுக்கு எந்த எழுத்து யாருடையது என்று தெரியாதா? அதனால் முக்கால்வாசிப் பேர் "அனைத்தும் நன்று" என்றே எழுதிப் போட்டார்கள். சில பேர் மட்டும் எழுதினார்கள். கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று. அப்பா செத்த அன்றைக்கும் பேப்பர் திருத்தச் சொன்னீர்களே என்று. எழுதிப் போட்டார்கள், பெட்டி பூட்டியே கிடந்தது, மாதம் பிறந்தது, மறுபடி எழுதிப் போட்டார்கள்.

மூன்றாம் வகுப்புக்கு சுபிதா மிஸ் என்று ஒரு பெண். ஒல்லி, சத்தம் மட்டும் மணி மாதிரி கணீரென்று இருக்கும். அவள் ஒரு கார்த்திகை மாதம், "எனக்கு நாலாம் மாதம். டாக்டர் நிற்கக் கூடாது என்கிறார். உட்கார ஒரு நாற்காலி வேண்டும்" என்று எழுதிப் போட்டாள். பதில் வரவில்லை. மறு மாதமும் அதையே எழுதிப் போட்டாள். தை மாதம் ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கும்போது, ஏழெட்டு ஐம்பத்தாறு என்று சொல்லிவிட்டுக் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளைகள் ஏழொன்பது என்ன மிஸ் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே வயிற்றிலிருந்த பிள்ளை தங்காமல் போய்விட்டது. பத்து நாள் கழித்து வந்தாள், வந்து நின்றாள்.

அந்த மே மாதம் வெள்ளையடிக்க வந்த சுடலைமுத்து, தட்டின் மேலிருந்த பெட்டியை எடுத்துக் கீழே வைக்கப் போனார். வரவில்லை. என்னைக் கூப்பிட்டார், வேன் டிரைவர் அந்தோணியைக் கூப்பிட்டார், மூன்று பேரும் மூச்சைப் பிடித்துத் தூக்கினோம், ஒரு நெல்லளவு நகரவில்லை.

"என்னவே, உள்ள ஆட்டுரலைப் போட்டு வச்சிருக்கேரா?"

"காயிதம்தான்வே."

"காயிதமா! எந்த ஊருக் காயிதம்வே அது?" என்றவர் பெட்டியைச் சுற்றி வெள்ளையடித்துவிட்டு, கூலியை வாங்கிக்கொண்டு போனார்.

ஜூன் மாதம் திறந்தபோது, அலுவலகம் இருக்கிற கிழக்குப் பக்கமாகப் பள்ளிக்கூடம் சாய்ந்திருந்தது. மூன்று மாடியும் சேர்ந்து, தூக்கம் சொக்கின மனுஷனைப்போல ஒருச்சாய்த்து நின்றது. முதல் நாள் பெற்றோர்கள் வாசலில் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள், இரண்டாம் நாள் பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டுப் போனார்கள். இன்ஜினியர் வந்து தூக்குக்குண்டு கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தார், குண்டுதான் கோணலாகத் தொங்குகிறது என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்தார். வாஸ்து பார்க்கிறவர் வந்தார், கிழக்கே சாய்ந்தால் சூரியனுக்கு வணக்கம் சொல்கிற கட்டடம், மேற்கே சாய்ந்திருந்தால்தான் கஷ்டம் என்றார். தாளாளர் உடனே நோட்டீஸ் அடித்துவிட்டார், "ஜில்லாவிலேயே முதன்முறையாகச் சாய்தளக் கல்வி" என்று. அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து ஊரிலிருந்தும் நாற்பது பிள்ளைகள் சேர்ந்தார்கள். இப்படித்தான் ஐயா நம்ம சனம், வீடு எரிந்தாலும் வெளிச்சம் நல்லாயிருக்கு என்று சொல்ல நாலு பேர் இருப்பார்கள்.

பிள்ளைகள் ஒரு வாரத்தில் பழகிவிட்டார்கள். பென்சில் உருண்டால் கிழக்குச் சுவரோரம் போய்ப் பொறுக்கிக்கொள்வார்கள், சாப்பாட்டு நேரத்தில் ரசம் ஒரு பக்கமாக ஒதுங்கும், சோற்றை மறுபக்கம் வைத்துக்கொள்வார்கள். பஸ்ஸுக்குள் அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மட்டும் மேற்குப் பக்கம் சாய்ந்து நிற்பார்கள், கண்டக்டர் டிக்கெட் கேட்காமலேயே "ஆவுடையப்பன் பள்ளிக்கூடமா, இறங்கு" என்பார். முடிவெட்டுகிற மாடசாமி அவர்களுக்கு என்று தனியாக நாற்காலியின் ஒரு காலுக்குச் செங்கல் வைத்துக்கொண்டார். வாசலில் அவித்த கடலை விற்கிறவர் வண்டிச் சக்கரத்துக்குக் கல் வைக்க மறந்த அன்று வண்டி தானாக அலுவலகத்துக்குள் போய்விட்டது, தாளாளர் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு அனுப்பிவைத்தார்.

எல்லோரும் பழகிக்கொண்டார்கள். மிஸ்மார்கள் காலுக்கு மட்டும் அந்தப் பழக்கம் வரவில்லை. சமதரையில் எட்டு மணிநேரம் நிற்பது ஒன்று, சரிவில் ஒரு காலை மடக்கி ஒரு காலை ஊன்றி நிற்பது இன்னொன்று. இதுவரை இரண்டு காலும் வீங்கினது, இப்போது ஒரு கால் மட்டும் இரண்டு காலுக்கும் சேர்த்து வீங்கியது.

சாய்வு கூடிக்கொண்டே போனதைப் பார்த்துத் தாளாளர் என்ன செய்தார் தெரியுமா? "சாய்வைப் பற்றிய உங்கள் கருத்து" என்று புதிதாகப் படிவம் அச்சடித்துக் கொடுத்தார். முப்பத்தெட்டுப் பேரும் நிரப்பிப் பெட்டியில் போட்டார்கள். அன்று ராத்திரியே கட்டடம் இன்னும் ஒரு முழம் இறங்கியது.

மறுவருஷம் சுபிதா மிஸ் மறுபடி உண்டாகியிருந்தாள். இந்தத் தடவை அவள் படிவத்தில் எழுதவில்லை. ஸ்கேன் எடுத்த இடத்தில் கொடுத்த மஞ்சள் சீட்டின் பின்பக்கம் எழுதினாள். போடும்போது நான் பக்கத்தில் டிக் அடிக்கப் பேனாவோடு நின்றேன்.

"என்ன மிஸ் எழுதிருக்கிய?"

"அதேதான் அண்ணாச்சி. இதுக்கு மேல எப்படி எழுதன்னு எனக்குத் தெரியல."

ஆலோசகர் திரும்ப வந்தார். பெட்டியைப் பார்த்தார், சாய்வைப் பார்த்தார், "சார், கேட்டா மட்டும் போதாது, திறந்து படிக்கணும்" என்றார். தாளாளருக்கு விழா என்றால் உயிர். "கருத்துத் திறப்பு விழா" என்று பந்தல் போட்டு, போண்டா போட்டு, நாலு வருஷச் சீட்டையும் ஒவ்வொன்றாக எடுத்து மைக்கில் வாசித்தார். தாழ்ப்பாள் இல்லாததை வாசித்தார். அப்பா செத்ததை வாசித்தார். சுபிதா மிஸ்ஸின் முதல் சீட்டை வாசித்தார், இரண்டாவது சீட்டை வாசித்தார், மஞ்சள் சீட்டையும் வாசித்தார், குரலை ஏற்றி இறக்கி நல்லாவே வாசித்தார். வாசிக்க வாசிக்கச் சீட்டெல்லாம் பஞ்சாகிவிட்டது, நான் ஒற்றை விரலால் பெட்டியைத் தூக்கிக் காட்டினேன், எல்லோரும் கைதட்டினார்கள், கட்டடம் நிமிர்ந்து நின்றது. நல்ல வார்த்தை வரப்போகிறது என்று சீட்டுகளெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தன போல. அவரோ ஒவ்வொரு சீட்டிலும் சிவப்பு மையில் "பார்வையிடப்பட்டது" என்று முத்திரை குத்திப் பெட்டிக்குள்ளேயே திரும்பப் போட்டுவிட்டு, "உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி, போண்டா சாப்பிட்டுட்டு வகுப்புக்குப் போங்க" என்றார்.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடம் முன்னைவிட இரண்டு பங்கு சாய்ந்திருந்தது. படிக்காத சீட்டுக்கு ஒரு பாரம் என்றால், படித்துவிட்டுச் சும்மா இருந்த சீட்டுக்கு இரண்டு பாரம். ஏன் அப்படி என்று என்னைக் கேட்காதீங்க, உங்களை யாராவது அப்படிப் படித்துவிட்டுச் சும்மா இருந்திருந்தால் உங்களுக்கே தெரியும்.

இனிமேல்தான் பேச்சித்தாய் வருகிறாள். பேச்சித்தாய் அந்தப் பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்குகிறவள், ஐம்பது வயசு, எழுதப் படிக்கத் தெரியாது. அவளிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை, அவள் பெயர் என் பட்டியலிலேயே கிடையாது. விழா முடிந்ததும் பெட்டியைத் தாளாளர் அறையில் கொண்டு வைத்திருந்தோம். மறுநாள் அவள் அந்த அறையைக் கூட்டும்போது, மூடாத பெட்டியிலிருந்து மின்விசிறிக் காற்றில் ஒரு சீட்டு பறந்து தரையில் விழுந்தது. விழுந்த இடத்தில் தரைக்கல் பிளந்தது. அவள் குனிந்து எடுத்தாள், கையில் அது வெறும் காகிதம். தாளாளர் மேசையில் வைத்தாள், மேசைக்கால் நாலும் கன்றுக்குட்டிக் கால் மாதிரி அகன்றது. எடுத்துத் தன் தூக்குச்சட்டி மேல் வைத்தாள், ஒன்றும் ஆகவில்லை. அவருடைய பேனா மேல் வைத்தாள், பேனா நசுங்கி மை பீச்சியது.

அன்று மத்தியானம் என்னிடம் வந்து சொன்னாள்.

"அண்ணாச்சி, அந்தச் சீட்டு நமக்குக் கனக்காது. அந்த ஆளுக்குச் சொந்தமானதுலதான் கனக்குது."

"அதுக்கு நாம என்னம்மா செய்ய?"

"சுவரு என்ன பாவம் செஞ்சுது? சுவருக்கா எழுதுனாங்க? யாருக்கு எழுதுனாங்களோ அவருகிட்டக் குடுப்போம்."

ஆண்டு விழா வந்தது. கல்வி அதிகாரி பத்தரைக்கு வருகிறார் என்று ஏழு மணிக்கே மிஸ்மார்களைப் பட்டுச்சேலையில் வரச்சொல்லி, கேட்டிலிருந்து மேடை வரைக்கும் இரண்டு வரிசையாக வெயிலில் நிறுத்தியாயிற்று. ஆளுக்கொரு தட்டில் பூ. சுபிதா மிஸ்ஸுக்கு ஏழு மாதம் முடிந்து எட்டு நடந்துகொண்டிருந்தது. "நீ முன்வரிசையில நில்லு, அப்பதான் நம்ம ஸ்டாஃபோட அர்ப்பணிப்பு தெரியும்" என்று தாளாளரே அவளை இழுத்து முன்னால் நிறுத்தினார். ஒன்பதரைக்கு அவள் தட்டில் பூ நடுங்க ஆரம்பித்தது. பக்கத்தில் நின்ற மிஸ் இடுப்பில் கை கொடுத்துத் தாங்கினாள், ஒலிபெருக்கியில், "வரிசையைக் கலைக்காதீங்க" என்று சத்தம் வந்தது.

பேச்சித்தாய் துடைப்பத்தைக் கீழே போட்டாள். தாளாளர் அறைக்குள் போனாள். பெட்டிக்குள் கையை விட்டுச் சீட்டெல்லாவற்றையும் அள்ளி மடியில் கட்டிக்கொண்டாள், மஞ்சள் சீட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டாள். தாளாளர் சுழல்நாற்காலியில் உட்கார்ந்து, வெள்ளைச் சட்டையில் பன்னீர் தெளித்துக்கொண்டு வரவேற்புரையை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நான் மாலையோடு பக்கத்தில் நின்றேன், வேன் டிரைவர் அந்தோணியும் நின்றான்.

"ஐயா, இது உங்களுக்கு" என்று நீட்டினாள்.

"பாக்கேன், பாக்கேன்" என்றார். யார் என்ன காகிதம் கொடுத்தாலும் பார்க்காமல் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வது அவர் பழக்கம். அப்படியே போட்டுக்கொண்டார்.

நாற்காலி ஒரு தடவை முனகியது. சக்கரம் ஐந்தும் நசுங்கியது. அவர் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. கையை ஊன்றிப் பார்த்தார், முடியவில்லை. நானும் அந்தோணியும் ஆளுக்கொரு கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினோம், கட்டடத்தைத் தூக்குவது மாதிரி இருந்தது. பையிலிருந்து சீட்டை எடுக்கப் பார்த்தார், விரல்தான் வலித்தது.

"சட்டையக் கழட்டிருவோமா ஐயா?" என்றான் அந்தோணி.

"அதிகாரி வாற நேரத்துல பனியனோடயா நிக்கச் சொல்லுத?"

"நிக்கணும்னா கழட்டணும். இல்லேன்னா உக்காந்திருக்கணும்" என்றாள் பேச்சித்தாய். "உக்காந்தே இருங்க ஐயா. உங்களுக்கென்ன, நாற்காலி இருக்கு."

"என்னத்தட்டி குடுத்த எனக்கு?"

"மூணாங்கிளாஸ் மிஸ்ஸுக்க சீட்டு. மைக்குல நல்லா வாசிச்சியளே, மறந்துட்டா?"

தாளாளருக்கு முகம் வேர்த்தது. "சரி, அடுத்த மாசக் கூட்டத்துல பேசி முடிவெடுப்போம்" என்றார். நாற்காலியின் இடதுகை ஒடிந்தது. "ஒரு குழு போடுவோம்" என்றார். வலதுகை ஒடிந்தது. "கொள்கை அளவுல எனக்குச் சம்மதந்தான்" என்றார். முதுகுச்சாய்ப்பு பிளந்து அவர் தரையோடு தரையாக, சம்மணம் போட்ட பிள்ளையார் மாதிரி இறங்கிவிட்டார். கேட்டுக்கு வெளியே அதிகாரி ஜீப்பின் ஹாரன் கேட்டது. கேமரா டிவியில் சுபிதா மிஸ்ஸின் கையிலிருந்து தட்டு விழுவது தெரிந்தது.

"சாவியக் குடும்வே!" என்றேன். பத்தொன்பது வருஷத்தில் நான் அவரை அப்படிப் பேசினது அதுதான் முதல் தடவை. என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி கேட்டது.

அவர் கண்ணால் இழுப்பறையைக் காட்டினார். நான் மாடிக்கு ஓடினேன். கயிறு இறுகிப்போயிருந்தது, பல்லால் கடித்து அறுத்தேன், மேலே இருந்த நாற்காலியைத் தலையில் தூக்கிக்கொண்டு, பூத்தட்டுகளுக்கும் மேளக்காரர்களுக்கும் ஜீப்பிலிருந்து இறங்கின அதிகாரிக்கும் நடுவில் ஓடிப்போய், வெயிலில் முன்வரிசையில் போட்டேன்.

சுபிதா மிஸ் அதைப் பார்த்தாள். உடனே உட்காரவில்லை. ஒலிபெருக்கி இருக்கிற தூணை அண்ணாந்து பார்த்தாள்.

"உக்காரலாமா அண்ணாச்சி?"

படித்த பிள்ளை, இரண்டு பட்டம் வாங்கின பிள்ளை, உட்காருவதற்கு என்னிடம் கேட்கிறது. "உக்காரு தாயி" என்றேன். அவள் ஒரு கையால் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, மெல்ல மெல்ல உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் வயிற்றுப் பிள்ளை உதைத்தது போல, "ஆத்தீ" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு மூன்று மாடியும் கரகரவென்று இரண்டு விரற்கடை நிமிர்ந்தது, கல்வி அதிகாரி தலையை அண்ணாந்து பார்த்துவிட்டு, மேளச் சத்தத்துக்குத்தான் கட்டடம் அதிர்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

நான் அறைக்குத் திரும்பியபோது தாளாளர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். மஞ்சள் சீட்டு பையிலிருந்து தானாகப் பறந்து ஜன்னல் வழியாகப் போய்விட்டிருந்தது. அவர் வேட்டியை உதறிக் கட்டினார், சட்டையை நீவிவிட்டார், மாலையை என் கையிலிருந்து பிடுங்கினார்.

"முடிஞ்சுதுல்லா? ஒத்த நாற்காலிக்கு என்னா ஆட்டம்! விழா முடியட்டும், உங்க ரெண்டு பேரையும் பேசிக்கிடுதேன். தள்ளுட்டி" என்று வாசலைப் பார்த்து ஓரடி வைத்தார்.

பேச்சித்தாய் தள்ளவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு நின்று, மடியை அவிழ்த்து, கைக்கு வந்த அடுத்த சீட்டை எடுத்து அவர் சட்டைப் பையில் போட்டாள்.